மூன்று நிமிடம் பேசச் சொன்னார்கள்

வெர்னா த்வைட்டைப் பற்றி
மூன்று நிமிடம் பேசச் சொன்னார்கள்.
முப்பத்தொரு ஆண்டுகள் எனக்கு அடுத்த மேசை,
எதிர்ப் பத்திரிகை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஆண்டுக்கு ஆறு விநாடிகூடத் தேறாது.

பிஸ்மார்க்கில் அன்று மைனஸ் இருபத்திரண்டு.
நெடுஞ்சாலையோர ஹோட்டலில் வட்ட மேசைகள்,
கோழிக்கறி, யாரும் தொடாத பீன்ஸ்.
கவர்னர் அலுவலகத்திலிருந்து வாழ்த்து மடல்.
'அச்சமற்ற' என்ற சொல் அதில் மூன்று இடத்தில்.
அந்த அலுவலகம் அவள் தொலைபேசி அழைப்புக்குக்
கடைசியாகப் பதில் சொன்ன நாளை
அவள் கிழமையோடு சொல்வாள்.

நான் எழுதிக்கொண்டு போனது வேறு.
மேடையேறியதும் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
சொன்னது இதுதான்:

கூட்டத்தொடரின் எண்பதாம் நாள், இரவு இரண்டு மணி.
மசோதா ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு,
பதினோராம் பக்கம், பதினான்காம் வரி.
முதியோர் இல்லங்களை ஆண்டுதோறும்
ஆய்வு செய்ய வேண்டும் என்றிருந்தது,
ஆய்வு செய்யலாம் என்று ஆகியிருந்தது.
ஒரு முழுச் சொல் போய்
ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு 'லாம்'.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று
நாங்கள் எல்லாரும் துழாவிக்கொண்டிருந்தோம்.
அன்று மறைத்தது ஒரு பூசணி விதை.

அதே படி என் கையிலும் இருந்தது.
எச்சில் தொட்டுப் பதினோராம் பக்கத்தைப் புரட்டினேன்.
புரட்டிவிட்டு,
ஏப்ரலிலும் விடாத பனியைத் திட்டிக்கொண்டு
வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.
இதை என் ஆசிரியரிடம் சொன்னதில்லை,
மனைவியிடமும் சொன்னதில்லை.

அவள் குழுத் தலைவர் ராய்ஸ் கெம்ஃபை மறித்தாள்.
"எழுத்துப் பிழை" என்றார்.
"யார் எழுத்து?"
அவர் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்.
அவள் கோட்டுகூடப் போடாமல் பின்னாலேயே போனாள்.

ஒன்பதாம் பக்கத்தில்,
டயர் விளம்பரத்துக்குக் கீழே வந்தது செய்தி.
சட்டம் கையெழுத்தானது.
இங்கே சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும்.
அந்த இரண்டு ஆண்டும்
ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை
மைனாட்டுக்கு வடக்கே காரோட்டிப் போய்
எந்த இல்லத்துக்கு யார் வரவில்லை என்று எழுதினாள்.
ஆர்லோ ஹௌகன், அறை எண் ஏழு,
அழைப்பு மணி வேலை செய்யவில்லை.
அந்த மணியைப் பற்றி நான்கு முறை எழுதினாள்.
நான்காவது முறை எழுதியபோது
அறையில் வேறொருவர் இருந்தார்.

அடுத்த கூட்டத்தொடரில் 'வேண்டும்' திரும்பி வந்தது.
எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை.
அவள் பெயரை யாரும் சொல்லவுமில்லை.

சொல்லி முடித்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.
முதலில் எழுந்து கைதட்டியவர்
நான்காம் மேசையில் கெம்ஃப்.
ஓய்வு பெற்றுவிட்டார், கைத்தடியோடு வந்திருந்தார்.
தட்டுவதற்காக அதை நாற்காலியில் சாய்த்தார்,
அது சரிந்து விழுந்தது.

வெர்னா ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.
கேடயத்தை மேசையில் குப்புற வைத்தாள்.
"நன்றி.
பக்கம் சரி. வரி பதினான்கு இல்லை, பதினாறு."
போய் உட்கார்ந்துகொண்டாள்.
சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வெளியே என் கார் கிளம்ப அடம்பிடித்தது.
அவள் தன் காரிலிருந்து கேபிள் எடுத்து வந்தாள்.
பானெட்டுக்குள் குனிந்தபடியே சொன்னாள்:
"அன்று என் படியில் அந்தப் பக்கமே இல்லை.
பத்துக்குப் பிறகு பன்னிரண்டு.
நீ மேசையில் போட்டுவிட்டுப் போனதைத்தான் படித்தேன்.
ஓரம் ஈரமாக இருந்தது."

கிளம்பு என்று கை காட்டினாள்.
சாவியைத் திருப்பினேன்.

மறுநாள் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.
பதினாறுதான்.